ஆறாவது படவில்லையில் நின்றுபோன பத்துமலை

கடந்த பருவத்தில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த தலைப்பு பத்துமலை. கோயிலையும் தைப்பூசத்தையும் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நாங்கள் அந்தச் சுண்ணாம்புக்கல் குன்றைப் பற்றியும், அங்குள்ள இருட்டுக் குகையில் தன் வளைக்குக் கதவு வைத்துக்கொண்டு வாழும் அரிய சிலந்தியைப் பற்றியும் பேச முடிவு செய்தோம். நான்கு பேர், மூன்று வார உழைப்பு, 18 படவில்லைகள்.

படைப்பு நாளன்று முதல் ஐந்து படவில்லைகள் ஒழுங்காகப் போயின. ஆறாவதில் 272 படிகளின் படம் வர வேண்டும். பாதிப் படம் வந்தது, அதோடு சரி. சுட்டி அசையவில்லை. எந்த விசையைத் தட்டினாலும் பலனில்லை. "என்னப்பா, படியிலேயே நின்னுட்டீங்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது.

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினோம். அதே படவில்லையில் மறுபடியும் நின்றது. எங்களுக்கு ஒதுக்கப்பட்ட 15 நிமிடத்தில் பாதி இப்படியே கரைந்தது. சிலந்தி வளையின் படத்தை இரண்டு இரவு கண்விழித்து வரைந்த தோழி, அதைக் காட்ட முடியாமல் கையால் காற்றில் வரைந்து விளக்கினார். அந்தக் காட்சி இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

எந்த நிறுவனத்தின் மென்பொருள் என்பது இங்கே முக்கியமில்லை. தவறு என்னுடையது. அது என் மடிக்கணினி. சில வாரங்களுக்கு முன்புதான், இன்னும் வெளிவராத இயங்குதளத்தின் முன்னோட்டப் பதிப்பை அதில் ஏற்றியிருந்தேன். காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. புதிய தோற்றத்தை மற்றவர்களுக்கு முன்பே பார்க்க வேண்டும் என்ற ஆசை. பார்த்தவர்கள் "அட!" என்றார்கள். எனக்குக் கிடைத்த இலாபம் அந்த ஒரு சொல்தான். இழப்போ நால்வருக்கும்.

முன்னோட்டப் பதிப்பு என்பது புதுமையை முந்திச் சுவைக்கக் கிடைக்கும் சலுகை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு வேலை. முடிக்கப்படாத ஒரு பொருளைப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே உடைகிறது என்று சொல்லும் வேலை. ஆப்பிள் நிறுவனம் 2000 செப்டம்பரில் மேக் ஓஎஸ் டென்னின் சோதனைப் பதிப்பைப் பொதுமக்களுக்கு 29.95 டாலருக்கு விற்றது. மைக்ரோசாஃப்ட் 2014-இல் விண்டோஸ் இன்சைடர் திட்டத்தைத் தொடங்கியது. இன்று இவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், அன்றாட வேலைக்கு நம்பியிருக்கும் கணினியில் இவற்றை ஏற்ற வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கையை நாம் படிப்பதில்லை. "ஒப்புக்கொள்கிறேன்" என்று தட்டிவிட்டுப் போகிறோம்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், அப்போது விற்பனைக்கு வராத விண்டோஸ் 98 மேடையில் விளக்கப்பட்டது. பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, உதவியாளர் ஒரு வருடியைக் கணினியில் இணைத்தார். திரை முழுவதும் நீலமாகிக் கணினி நின்றுபோனது. அரங்கமே சிரித்தது. இன்னும் இதை விற்பனைக்கு விடாததற்குக் காரணம் இதுதான் போலும் என்று கேட்ஸ் சிரித்துச் சமாளித்தார். இரண்டு மாதம் கழித்து ஜூன் 25-இல்தான் அது வெளிவந்தது. அவருக்கு அந்த இரண்டு மாதம் இருந்தது. நமக்கு இருப்பது 15 நிமிடமும் ஒரு மதிப்பெண் தாளும்தான்.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து காரணத்தைத் தேடினேன். மடிக்கணினியின் திரையில் மட்டும் ஓட்டினால் ஆறாவது படவில்லை அழகாக வந்தது. தொலைக்காட்சியை இரண்டாம் திரையாக இணைத்ததும் நின்றது. படத்தைத் திரைக்கு அனுப்பும் இயக்கி மென்பொருள் இன்னும் அந்தப் புதிய இயங்குதளத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. நாங்கள் நான்கு முறை ஒத்திகை பார்த்தோம். ஒரு முறைகூட இரண்டாம் திரையை இணைத்துப் பார்க்கவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பக் கொடுக்கப்பட்ட காலக்கெடுவும் கடந்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. எஸ்.பி.எம். எழுதவிருக்கும் தம்பியும் அதே கணினியைத்தான் பயன்படுத்துகிறான். இரண்டு நாள் அவன் கைப்பேசியில் வீட்டுப்பாடம் செய்தான்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பதற்றத்தில் கண்டதையெல்லாம் தட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அப்போதுதான் எது காரணம் என்று தெரியும். முதலில் வேறொரு கோப்பைத் திறந்து பாருங்கள். அது ஓடினால் சிக்கல் உங்கள் கோப்பில் இருக்கிறது. பெரிய காணொளியோ படமோ காரணமாக இருக்கலாம். கோப்பு இணைய மேகத்தில் இருந்தால் அதைக் கணினிக்குள்ளேயே நகலெடுத்துத் திறங்கள். பவர்பாயின்ட் என்றால் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மென்பொருளைத் திறந்தால் பாதுகாப்பு முறையில் திறக்கட்டுமா என்று கேட்கும். அந்த முறையில் சரியாக ஓடினால், பெரும்பாலும் நாம் கூடுதலாகச் சேர்த்த துணைச் செருகல்கள்தாம் காரணம். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். இரண்டாம் திரையை இணைத்ததும் நின்றால், பேச்சாளர் காட்சியை அணைத்துப் பாருங்கள். திரை இயக்கியைப் புதுப்பித்துப் பாருங்கள். முன்னோட்டப் பதிப்பை ஏற்றி மனம் மாறியவர்கள் தாமதிக்கக் கூடாது. விண்டோஸில் பழைய பதிப்புக்குத் திரும்பப் பொதுவாக 10 நாள்தான் அவகாசம்.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று உண்டு. படைப்பைப் பிடிஎஃப் கோப்பாகவும் மாற்றி ஒரு விரலியில் போட்டுக்கொள்ளுங்கள். அசைவூட்டம் இருக்காது, ஆனால் எந்தக் கணினியிலும் திறக்கும், தமிழ் எழுத்தும் கட்டம் கட்டமாக மாறாது. அன்று எங்களிடம் அது இருந்திருந்தால் சிலந்தி தப்பித்திருக்கும்.

அப்படியானால் முன்னோட்டப் பதிப்பே வேண்டாமா? இந்தக் கேள்விக்கு "வேண்டாம்" என்று சொல்லி முடிப்பது எளிது. ஆனால், தமிழில் கணினியைப் பயன்படுத்தும் நாம் அப்படிச் சொல்ல முடியாது.

2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரே ஒரு கூட்டெழுத்து உலகெங்கும் ஐபோன்களைத் திணற வைத்தது. அந்த எழுத்து வந்த செயலி அப்படியே மூடிக்கொண்டது. பிப்ரவரி 19-இல் ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. ஆங்கில எழுத்தில் இப்படி ஒரு பிழை இருந்தால் அது மக்கள் கைக்கு வரும் முன்பே யாராவது கண்டுபிடித்திருப்பார்கள். நம் மொழிகளில் சோதிப்பவர்கள் குறைவு. அதனால் பிழை வீட்டுக்குள் வந்த பிறகுதான் தெரிகிறது.

சோதித்தால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 புதுப்பிப்பு சிலரது கோப்புகளை அழித்ததால் சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. சோதனையாளர் சிலர் அதை முன்கூட்டியே தெரிவித்திருந்தனர். குறைவான பேரே சொன்னதால் அது கவனத்துக்கு வரவில்லை. அதன் பிறகுதான் பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதி புகார் செயலியில் சேர்க்கப்பட்டது.

கணினித் தமிழுக்கு உழைத்த மரபு நம் நாட்டுக்கு உண்டு. முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அவர்கள் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். அது உடையாமல் பார்த்துக்கொள்வது நம் தலைமுறையின் வேலை.

என்னிடமும் பல மாணவர்களிடமும் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. அதில் பரிசோதனை செய்வது தியாகமல்ல, அசட்டுத்தனம். ஆனால், நம் பல்கலைக்கழகங்களில் இருக்கும் தமிழ் மாணவர் கழகங்கள் ஒவ்வொன்றும் ஒரு கணினியை இதற்கென ஒதுக்கலாம். தனிக் கணினி இல்லாவிட்டால் கணினிக்குள் ஒரு மெய்நிகர் கணினியை அமைக்கலாம். 'கோ' பிரியாமல் நிற்கிறதா, 'ஸ்ரீ' உடைகிறதா, பிடிஎஃப் ஆக்கிய பிறகு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா, இரண்டாம் திரையில் தமிழ்ப் படவில்லை ஓடுகிறதா என்று மாதம் ஒரு மாலை பார்க்கலாம். பிழை கண்டால் என்ன செய்தோம், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, எந்தப் பதிப்பு என்ற நான்கையும் எழுதி அனுப்பலாம். ஐந்து நிமிட வேலைதான்.

நானும் அன்று அந்தப் பிழையை யாருக்கும் தெரிவிக்கவில்லை. கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். வருந்துவது அதற்காகவும்தான். என்னைப் போல வேறொரு மாணவர் வேறொரு வகுப்பில் ஆறாவது படவில்லையில் நின்றிருக்கக்கூடும்.

முன்னோட்டப் பதிப்பை ஏற்றும் முன் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: பார்க்கப் போகிறேனா, சோதிக்கப் போகிறேனா? பார்க்க மட்டும்தான் என்றால் சில மாதம் பொறுங்கள். சோதிக்க என்றால் வேறு கணினியை எடுங்கள், தமிழில் தட்டுங்கள், உடைந்ததை எழுதி அனுப்புங்கள்.