சகோதர நகரங்களும் மாணவர் பரிமாற்றமும்: பலேர்மோவை முன்வைத்துச் சில குறிப்புகள்

இரண்டு நகரங்களின் முதல்வர்கள் மேசைக்கு இருபுறமும் அமர்ந்து ஒப்பமிடும் படங்களை நாளிதழ்களில் அடிக்கடி பார்க்கிறோம். தமிழர்களுக்கும் இது புதிதல்ல. சென்னையும் டென்வரும் 1984இல் சகோதர நகரங்களாயின. சென்னையும் சான் அன்டோனியோவும் 2008இல் இணைந்தன. யாழ்ப்பாணத்துக்கும் லண்டன் மாநகரின் கிங்ஸ்டனுக்கும் இடையே 2016இல் உடன்படிக்கை கையெழுத்தானது. அன்றைய வட மாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரன் அதற்காகவே லண்டன் சென்றிருந்தார். பொன்னாடைகளும் நினைவுச் சின்னங்களும் கைமாறிய பிறகு இந்த உறவால் சாதாரண மனிதர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, என்ன கிடைக்கிறது என்ற கேள்வி மட்டும் எஞ்சி நிற்கிறது.

இந்த வழக்கம் பிறந்தது போரின் சாம்பலிலிருந்து. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1950இல், ஜெர்மனியின் லுட்விக்ஸ்புர்க்கும் பிரான்சின் மொன்பெலியாரும் கைகோத்தன. 1956இல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் சகோதர நகரத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். இவற்றில் நிலைத்து நின்றவை பிள்ளைகளை ஒருவர் வீட்டில் மற்றவர் தங்கவைத்த உறவுகளே. 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் ஓர் இளைஞர் அலுவலகத்தை நிறுவின. இன்றுவரை 90 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அதன் வழியே எல்லை கடந்திருக்கிறார்கள். தந்தையர் துப்பாக்கியோடு கடந்த எல்லையைப் பிள்ளைகள் பள்ளிப் பையோடு கடந்தார்கள். ஒப்பந்தம் மட்டும் இருந்திருந்தால் இது நடந்திராது. நிரந்தரமான ஓர் அலுவலகமும் ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்ட பணமும் இருந்தன.

இனிப் பலேர்மோவுக்கு வருவோம். சிசிலியின் தலைநகரான இந்த ஊரில் 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். இத்தாலியில் வாழும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான இலங்கையரில் பெரும்பான்மையினர் சிங்களவர். பலேர்மோவோ தமிழர்களால் அறியப்பட்ட ஊர். நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. கத்தோலிக்கத் தமிழர் மட்டுமின்றிச் சைவத் தமிழரும் அந்த மலையேறி நேர்த்தி வைக்கிறார்கள். பலேர்மோவாசிகள் இதைப் பார்த்து முதலில் வியந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். கதிர்காமத்துக்கும் மடுவுக்கும் போய்ப் பழகிய நமக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை.

நகரின் மேற்கே சீசா என்றொரு பகுதி இருக்கிறது. அதன் பெயர் 'அல் அஸீஸா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நோர்மன் மன்னன் முதலாம் வில்லியம் 1165இல் அங்கே கட்டத் தொடங்கிய அரண்மனையை அவன் மகன் இரண்டாம் வில்லியம் முடித்தான். கிறித்தவ மன்னர்கள் அரபுக் கலைமரபில் எழுப்பிய அந்தக் கட்டடம் 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. கிரிசாந்துஸ் என்ற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்காக 1149இல் பொறித்தது அது. ஒரே தாயின் மறைவை இலத்தீனிலும், கிரேக்கத்திலும், அரபியிலும், எபிரேய எழுத்தில் எழுதிய அரபியிலும் அது சொல்கிறது. ஒவ்வொரு பகுதியும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக்கணக்கில் நாளைக் குறிக்கிறது.

இதைப் பார்க்கும் தமிழருக்குக் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு நினைவுக்கு வரும். சீனக் கடற்தளபதி செங் ஹேயின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு அது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி திருமாலின் வடிவான தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை செலுத்துகிறது. இரண்டு தீவுகள், இரண்டு கற்கள். சிசிலிப் பிள்ளைக்கும் இலங்கைப் பிள்ளைக்கும் சேர்த்து ஒரு வரலாற்றுப் பாடம் நடத்த இதைவிட நல்ல பாடநூல் தேவையா?

சீசா அரண்மனைக்கு அருகே பழைய டுக்ரோ தளபாடத் தொழிற்சாலை வளாகம் இருக்கிறது. இன்று அது பண்பாட்டு வளாகம். ஜெர்மனியின் கோதே நிறுவனமும் பிரெஞ்சுப் பண்பாட்டு நிறுவனமும் அங்கே இயங்குகின்றன. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் அழிக்க முனைந்த இரு நாடுகள் மூன்றாவது நாட்டின் நகரொன்றில் ஒரே வளாகத்தில் தம் மொழிகளைக் கற்பிக்கின்றன. பின்னால் அரசு இருக்கும் மொழிகளுக்கு இது எளிது. பலேர்மோவில் தமிழுக்கு இருப்பது பெற்றோர் நடத்தும் வார இறுதி வகுப்புகள்தான்.

மாணவர் பரிமாற்றம் என்று பேசத் தொடங்கினால் பலேர்மோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஒன்று வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். நியாயமான ஆசைதான். நடைமுறையில் அதன் தலைவிதியை எழுதுவது நகர முதல்வரின் பேனா அல்ல, பிள்ளைகளின் சட்டைப்பையில் இருக்கும் ஆவணம். சீசாவின் ஒரு பாடசாலையில், ஒரே வகுப்பில், ஒரே வாங்கில் இருக்கும் மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது பிள்ளை இத்தாலியக் குடியுரிமை உள்ளது. அது எங்கும் போகும்.

இரண்டாவது பிள்ளை பலேர்மோவில் பிறந்து, சிசிலியப் பேச்சுவழக்கில் சண்டை போட்டு வளர்ந்த தமிழ்ப்பிள்ளை. ஆனால் கையில் இருப்பது இலங்கைக் கடவுச்சீட்டு. 1992ஆம் ஆண்டின் 91ஆம் இலக்கச் சட்டப்படி, அந்நியப் பெற்றோருக்கு இத்தாலியில் பிறந்த பிள்ளை 18 வயதுவரை இடையறாது சட்டப்படி அங்கு வாழ்ந்திருந்தால், அதன்பின் ஓராண்டுக்குள் குடியுரிமை கோரலாம். அந்த ஓராண்டைத் தவறவிட்டால் வழி நீளும். வளர்ந்தவர்களுக்கான பத்தாண்டு வதிவிட நிபந்தனையை ஐந்தாகக் குறைக்க 2025 ஜூன் 8, 9 திகதிகளில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க வந்தோர் ஏறத்தாழ 30 வீதம். பாதிப்பேராவது வந்தால்தான் முடிவு செல்லும் என்பதால் அது தோற்றது. பெற்றோர் குடியுரிமை பெற்றால் அவர்களோடு வாழும் சிறுவர்களுக்கும் அது கிடைக்கும் என்பதை நினைத்தால், அந்தத் தோல்வி யாருடைய தோல்வி என்பது விளங்கும். இந்தப் பிள்ளை ஷெங்கன் நாடுகளுக்குள் வதிவிட அனுமதியோடு போய்வரலாம். வகுப்பு லண்டனுக்குப் புறப்பட்டால் சிக்கல் தொடங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் பாடசாலைச் சுற்றுலாவுக்கென்று மாணவர் பட்டியல் முறை ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் தனி வீசா வேண்டாம். பிரித்தானியா 2021 அக்டோபரில் அதை ஏற்பதை நிறுத்தியது. பின்னர் பிரெஞ்சுப் பாடசாலைகளுக்குச் சலுகை காட்டியது.

மூன்றாவது பிள்ளை பெற்றோரோடு அகதி நிலை பெற்றது. அதன் கையில் இருக்கும் அகதிப் பயண ஆவணம் ஏறத்தாழ எல்லா நாடுகளையும் அனுமதித்து, புறப்பட்டு வந்த நாட்டை மட்டும் விலக்கும். ஆகவே யாழ்ப்பாணத்துக்கு ஒரு பரிமாற்றப் பயணம் அமைந்தால், நல்லூர்த் திருவிழாவைப் பார்க்கப் போவது இத்தாலியப் பிள்ளை. நல்லூரைப் பற்றி வீட்டில் ஆயிரம் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை பலேர்மோவில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் நான்காவது பிள்ளையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்விக்காகக் குறுங்காலம் வரும் மாணவருக்கும் உடன்வரும் ஆசிரியருக்கும் ஷெங்கன் வீசாக் கட்டணம் இல்லை என்று ஒன்றியத்தின் வீசாச் சட்டமே சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது. கட்டணம் இல்லை என்றாலும் சந்தேகம் இருக்கிறது. இந்தப் பிள்ளை திரும்பிப் போகுமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டியது அழைக்கும் பாடசாலையும் நகரசபையும். உறவினர் எழுதும் அழைப்புக் கடிதத்தைவிட, நகரசபையின் முத்திரையும் திரும்பும் திகதியும் இரு பாடசாலைகளின் ஒப்புதலும் உள்ள கடிதத்துக்குக் கனம் அதிகம். சகோதர நகர உடன்படிக்கைக்கு உண்மையான பயன் ஒன்று உண்டென்றால் இதுதான்.

பலேர்மோ நகரசபைக்கு இது அந்நியமான சிந்தனையும் அல்ல. 2013இல், இத்தாலியக் குடியுரிமை இல்லாத நகரவாசிகள் தம் பிரதிநிதிகளைத் தெரிவு செய்யும் பண்பாடுகளின் ஆலோசனைச் சபையை அது உருவாக்கியது. 2015இல் அப்போதைய நகர முதல்வர் லியோலூக்கா ஒர்லாண்டோ 'பலேர்மோ சாசனம்' என்ற அறிக்கையை முன்வைத்தார். இடம்பெயர்வது மனித உரிமை, வதிவிட அனுமதி முறையே ஒழிய வேண்டும் என்றது அது. சட்டத்தை மாற்றும் அதிகாரம் ஒரு நகருக்கு இல்லை. கடிதம் எழுதும் அதிகாரம் இருக்கிறது.

பணத்துக்கு எங்கே போவது? ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டம் பாடசாலை மாணவர் பயணங்களுக்குத் தரும் உதவி, திட்டத்தில் இணைந்த நாடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. இலங்கை அதில் இல்லை. பல்கலைக்கழக மட்டத்தில் இலங்கையோடு பரிமாற்றத்துக்கு அதே திட்டத்தில் இடம் உண்டு. 1806இலிருந்து இயங்கும் பலேர்மோப் பல்கலைக்கழகமும் 1974இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகத்தின் வாரிசான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் முயல வேண்டிய கதவு அது.

எராஸ்மஸின் கதையிலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. அதன் தாய் என்று போற்றப்படும் சோஃபியா கொர்ராதி, 1950களின் இறுதியில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துவிட்டு ரோமுக்குத் திரும்பினார். அந்தப் படிப்பை அவருடைய பல்கலைக்கழகம் ஏற்க மறுத்து அவமதித்தது. அந்த அவமானமே ஏறத்தாழ 30 ஆண்டுப் போராட்டமாகி, 1987இல் திட்டமாக மலர்ந்தது. படித்ததைத் தாய்ப் பாடசாலை கணக்கில் எடுக்காவிட்டால் பரிமாற்றம் வெறும் சுற்றுலாவாகிவிடும். இத்தாலியில், வெளிநாட்டில் ஓராண்டுவரை படித்துவரும் உயர்பள்ளி மாணவரை எப்படி ஏற்றுக்கொள்வது என்று கல்வி அமைச்சு 2013 ஏப்ரலிலேயே பாடசாலைகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையே மூச்சுவிட நேரமில்லாத யாழ்ப்பாண மாணவருக்கு அப்படி ஓராண்டைக் கேட்க முடியாது. அவர்களுக்கு மூன்று வாரமே தாங்கும்.

ஆகவே என் யோசனை இது. பயணத்தை மிகப் பலவீனமான ஆவணம் உள்ள பிள்ளையிலிருந்து திட்டமிட வேண்டும். முதலில் யாழ்ப்பாணப் பிள்ளைகள் பலேர்மோவுக்கு வரட்டும். இத்தாலியப் பாடசாலைகள் நடந்துகொண்டிருக்கும் ஏப்ரலில், இலங்கையின் புத்தாண்டு விடுமுறையை ஒட்டி வந்தால் வகுப்பறையையும் காணலாம். அப்போது விருந்தோம்புவோராக வகுப்பின் மூன்று பிள்ளைகளும் சமமாகப் பங்கேற்பார்கள். இத்தாலியப் பிள்ளைக்கும் யாழ்ப்பாணப் பிள்ளைக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கப் போவது அந்தத் தமிழ்ப்பிள்ளைகளே. சனிக்கிழமைத் தமிழ் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்குப் பரீட்சைப் புள்ளிகளைவிட நல்ல பதில் இது. பலேர்மோப் பிள்ளைகள் யாழ்ப்பாணம் போவது அடுத்த கட்டம். போக இயலாதவர்களுக்காக அதே ஆண்டில் இன்னொரு பயணமும் இருக்கட்டும். பலேர்மோ 2016இலிருந்து ஜெர்மனியின் டுசல்டோர்ஃபுக்குச் சகோதர நகரம். அங்கே எராஸ்மஸ் பணமும் செல்லும், அகதிப் பயண ஆவணமும் செல்லும். அதே மாநிலத்தின் ஹம் நகரில்தான் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது.

பெற்றோரின் தயக்கத்தையும் மறைக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாத வீட்டில் பெண்பிள்ளையைத் தங்கவிடுவதா என்று இரண்டு ஊரிலும் கேட்பார்கள். தங்கவைக்கும் வீட்டாரை முன்கூட்டியே கணினித் திரையில் சந்திக்க வைப்பதும், ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளாகத் தங்கவைப்பதும், எந்நேரமும் அழைக்கக்கூடிய ஓர் ஆசிரியை உடன்வருவதும் அந்தக் கேள்விக்கு ஓரளவு விடை தரும். இன்னொரு தயக்கம் வெளியே சொல்லப்படுவதில்லை. ஊருக்கு வரும் காசை அறிந்த பிள்ளை, அந்தக் காசு எப்படி வருகிறது என்பதை நேரில் காணும். ஊரில் வாத்தியாராக இருந்த பெரியப்பா அதிகாலையில் எழுந்து இன்னொருவர் வீட்டு மாடிப்படியைத் துடைக்கப் போவதைக் காணும். மறைக்க வேண்டிய காட்சி அல்ல அது. வெளிநாட்டுக் கனவை வளர்ப்பதற்கும் வெளிநாட்டை அறிவதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரியும்.

மே மாதமும் யோசிக்க வேண்டிய காலமே. 1992 மே 23இல் நீதிபதி ஜொவான்னி ஃபல்கோனேயும் மனைவியும் மூன்று மெய்க்காவலரும் கபாச்சியில் மாஃபியாவின் குண்டுக்குப் பலியானார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்நாளில் மாணவர்கள் அவர் வாழ்ந்த வீட்டின் முன்னுள்ள மரத்தடியில் கூடுகிறார்கள். மரத்தில் கடிதங்களைக் கட்டுகிறார்கள். அதற்கு ஐந்து நாள் முன்னர், மே 18இல், நாம் 2009இன் முள்ளிவாய்க்காலை நினைவுகூர்கிறோம். ஒன்று குற்றக்கும்பலின் கொலை. மற்றது அரசொன்றின் போர் முடிந்த இடம். இரண்டையும் சமப்படுத்த இயலாது. ஆயினும் பலேர்மோப் பிள்ளைகள் தம் துயரத்தைப் பாடசாலையின் பெயரால், அரசின் ஆதரவோடு, பகலில், கூட்டமாக நினைக்கிறார்கள். அதைக் காணும் யாழ்ப்பாணப் பிள்ளையின் மனத்தில் என்ன கேள்வி எழும் என்பதை ஒழுங்கு செய்பவர்கள் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பேச இடம் தராத பரிமாற்றத்தில் பரிமாற அதிகம் இராது.

வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல: இரு பாடசாலை அதிபர்களின் கடிதம், நகரசபையின் முத்திரை, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் சம்மதம், கடவுச்சீட்டுகளின் விவரப் பட்டியல். இதில் கடைசியாகச் சொன்னதை முதலில் தயாரிப்பது நல்லது.