கடன் வாங்காதவர் நம்பத் தகாதவரா?

நம் மஹல்லா ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருப்பார். முப்பது ஆண்டுகளாகச் சிறு கடை நடத்துகிறார். கடை வாடகையை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. சரக்குக் கொடுத்தவருக்குச் சொன்ன நாளில் பணம் போய்ச் சேரும். வட்டிக்கு அஞ்சி வங்கியில் கடன் கேட்டதுமில்லை, கிரெடிட் கார்டு வாங்கியதுமில்லை. இவர் நாணயமானவரா என்று ஊரில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் ஆம் என்பார்கள். கடன் தகவல் நிறுவனத்தின் கணினியைக் கேட்டால் அது தரும் விடை: ‘வரலாறு இல்லை’.

இந்த விடை எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் சிபில் உள்ளிட்ட நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களைக் கொண்டு அவை ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடுகின்றன. கடன் விண்ணப்பம் வந்ததும் வங்கி முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

எண்ணுக்குள் இருப்பது என்ன? இத்துறையின் முன்னோடியான அமெரிக்காவின் ஃபைக்கோ நிறுவனம் தன் கணக்கை வெளிப்படையாகவே கூறுகிறது. தவணை செலுத்திய விதத்துக்கு 35 விழுக்காடு, நிலுவைக் கடனின் அளவுக்கு 30, கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15, புதுக் கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. ஐந்தும் கடனைப் பற்றியவையே. உழைத்து ஈட்டிய வருமானத்துக்கும், சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்புக்கும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்கும் அதில் இடமில்லை. கடனோடு பழகியவரை அளக்கும் கருவி இது. அதை மனிதரின் நம்பகத்தன்மையை அளக்கும் கருவியாக விற்பதைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

‘வட்டிக் கடனே வேண்டாம் என்பவருக்கு மதிப்பெண் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். மதிப்பெண் வங்கிக் கடனோடு நின்றுவிடவில்லை. பொதுத்துறை வங்கிகளின் வேலைவாய்ப்பு அறிவிப்புகளிலும் அது நுழைந்துவிட்டது. மலேசியாவில் இஸ்லாமிய வங்கியில் வீட்டு நிதி கேட்பவரின் கடன் பதிவும் பார்க்கப்படுகிறது. ஹலாலான வழியைத் தேடிச் செல்பவரையும் இந்த எண் பின்தொடர்கிறது.

இதைவிட வருத்தம் தருவது நம்மவர்களே கூறும் அறிவுரை: ‘ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள், மாதாமாதம் தேய்த்துக் கட்டுங்கள், ஸ்கோர் ஏறும்.’ தேவையில்லாத கடனை, நம்பிக்கைக்கு உரியவர் என்று காட்டிக்கொள்வதற்காகவே வாங்கச் சொல்கிறார்கள். ஒரு மாதம் தவறினால் வட்டி ஏறும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதா நாணயத்துக்குச் சான்று?

கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவரின் நேர்மைக்குச் சாட்சியம் கூற வந்த செய்தியை நாம் கேட்டிருக்கிறோம். நீர் அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு பயணம் செய்தீரா, பணம் கொடுத்து வாங்கிப் பழகினீரா என்று உமர் (ரலி) கேட்டார்கள். எதுவும் இல்லை என்றபோது, அவரை நீர் அறியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கணினி இந்த மூன்றில் ஒன்றை மட்டும், அதிலும் வங்கியோடு நடந்த கொடுக்கல் வாங்கலை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறது.

எண்ணில் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. பெயரையும் தெருவையும் கேட்டு முகம் சுளிக்கும் அதிகாரியைவிட எண் மேல் என்று தோன்றும் நாள்கள் நமக்கு உண்டு. ஆயினும், மருத்துவமனையில் படுத்ததால் தவணை தவறியவரையும், ஏமாற்றும் எண்ணத்தோடு தவறியவரையும் அந்த எண் ஒரே தராசில் நிறுக்கிறது. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்வது குர்ஆனின் 2:280ஆம் வசனம். கணினிக்கு அவகாசம் தெரியாது; தாமதம் மட்டுமே தெரியும்.

இனி நம் கடமை. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மறுக்கப்படுவோர் இதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் காரணம் கேட்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திடமிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை பெறலாம். பிழை இருந்து முறையிட்டு 30 நாள்களில் தீரவில்லையெனில், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமையும் உண்டு.

வங்கியைக் குறைகூறும் நாம் நம் பைத்துல்மாலையும் பார்க்க வேண்டும். அங்கே அழகிய கடன் பெற்றுத் திருப்பிக் கொடுத்தவரின் நேர்மை எந்த ஏட்டில் இருக்கிறது? கடனை எழுதிக்கொள்ளுங்கள், சாட்சிகளை வையுங்கள் என்று 2:282ஆம் வசனம் கட்டளையிட்டிருக்க, பல ஜமாஅத்துகளில் கணக்கு செயலாளரின் நினைவிலேயே இருக்கிறது. நாம் எழுதி வைக்காத நாணயத்தைக் கணினி அறியவில்லை என்று குறை சொல்வது எப்படி? ஏட்டைத் திறப்போம், எழுதுவோம், நம் மக்களுக்கு நாமே சாட்சியாவோம். நீதியான சாட்சிகளாக நிற்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.