லைட்டை அணைப்பது ரிப்பேர் ஆகாது

பதிவு கொஞ்சம் நீளம். கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மாதத்தில் மட்டும் மூன்று பேர் என்னிடம் ஒரே புலம்பலைச் சொல்லிவிட்டார்கள். "சார், செக் இன்ஜின் லைட் எரிஞ்சுது. ஐந்நூறு ரூபாய் வாங்கிட்டு அணைச்சுக் குடுத்தாங்க. ஒரு வாரம்கூட ஆகலை, திரும்ப வந்துடுச்சு."

வராமல் என்ன செய்யும்? கோளாறு அங்கேயேதானே இருக்கிறது! விடைத்தாளில் சிவப்பு மையால் போட்ட சுழியை அழித்துவிட்டால் பையனுக்குக் கணக்கு வந்துவிடுமா?

ரீசெட் செய்யும்போது நடப்பது இதுதான். ஸ்கேனரில் ஒரு பட்டனைத் தட்டினால் லைட் அணையும். கூடவே, கோளாறு பதிவான நேரத்தில் இன்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி என்ன வேகத்தில் போனது என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த குறிப்பும் அழிந்துபோகும். அதற்கு 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று பெயர். நோயைக் கண்டுபிடிக்க உதவும் சாட்சியை அழிப்பதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

பிறகு ஏன் ஒரு வாரம் எரியவில்லை? பல கோளாறுகளைக் கம்ப்யூட்டர் ஒரே தடவையில் நம்பிவிடாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட்டைப் போடும். அழித்த பிறகு தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். சில சோதனைகளுக்குக் குறிப்பிட்ட வேகமும் சூடும் அமைய வேண்டும். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அதற்கு நாளாகும். அந்த இடைவெளியைத்தான் 'சரியாயிடுச்சு' என்று விற்கிறார்கள். உண்மையிலேயே சரிசெய்துவிட்டால், பெரும்பாலும் மூன்று ஓட்டங்கள் கோளாறில்லாமல் முடிந்ததும் லைட் தானாகவே அணைந்துவிடும்.

அடுத்த அநியாயம், கோடைப் பார்த்த கையோடு பார்ட்ஸை மாற்றுவது. 'பி 0171' என்று ஒரு கோடு உண்டு. இன்ஜினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். ஆக்சிஜன் சென்சார் சொல்லித்தான் இது தெரிகிறது. உடனே அந்த சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள்! சேதி கொண்டுவந்தவனை அடிக்கிற கதை. வெடித்த வேக்குவம் ஹோஸ், வலுவிழந்த பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர், சைலன்ஸர் பக்கம் ஒரு லீக் என்று எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். கோடு தெருவைக் காட்டும். வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

தேடுவதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஸ்கேனரிலேயே 'ஃபியூவல் ட்ரிம்' என்ற கணக்கு ஓடும். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கிறது என்று அது காட்டும். ஐடிலில் அதிகமாக இருந்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் குறைகிறதா? பெரும்பாலும் காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. மிதிக்க மிதிக்க ஏறுகிறதா? பெட்ரோல் வரத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, 'பி 0301'. முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். அந்த சிலிண்டருக்குத் தனி இக்னிஷன் காயில் இருந்தால், அதைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி ஓட்டுங்கள். கோடு 'பி 0302' என்று மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். ஒரு பைசா செலவில்லாத சோதனை இது. எத்தனை பேர் செய்கிறார்கள்?

மெக்கானிக் தம்பிகளை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. இரண்டு மணி நேரம் தேடிக் காரணம் கண்டுபிடித்தவரிடம், "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று பேரம் பேசுகிறோம். அதே ஆள் ஐயாயிரம் ரூபாய் சென்சார் மாற்றினால் பேசாமல் கொடுக்கிறோம். அறிவுக்குக் கூலி கொடுக்காத ஊரில் பார்ட்ஸ்தான் விற்கும்.

எனவே ஒர்க்‌ஷாப்பில் நான்கு விஷயம் கேளுங்கள். அழிப்பதற்கு முன் கோடு நம்பரையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 'என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?' என்று கேளுங்கள். கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். தேடிய நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லைட் நிலையாக எரிந்தால், வண்டி ஒழுங்காக ஓடும் பட்சத்தில், மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். விட்டுவிட்டு மின்னினால், கடுமையான மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். அதற்குள்ளே இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். விலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஓரம் கட்டி நிறுத்துங்கள்.

அந்த விளக்கு நம் பர்ஸுக்காக மட்டும் வைத்ததல்ல. முதலில் புகைக்காக வைத்தது. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி ஓட்டுகிற பெரியவர்களே, உங்கள் வண்டிக்குப் பின்னால் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை ஒரு தடவை கண்ணாடியில் பாருங்கள்.

உங்கள் அனுபவத்தைக் கமெண்டில் எழுதுங்கள்.