பாதிரியாரின் புறாக்கள்



கடவுள் உண்டா, இல்லையா? இந்த வழக்கை இன்று நாம் எடுக்கப் போவதில்லை. நாம் எடுப்பது சோற்று வழக்கு.

“எங்கள் மதம் குருட்டு நம்பிக்கையல்ல; பகுத்தறிவால் நிரூபிக்கத் தக்கது” என்று கிறிஸ்தவ அறிஞர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். நல்லது. பகுத்தறிவை யார் அழைத்தாலும் நாம் வரவேற்கிறோம். ஆனால் வானத்தைப் பற்றிப் பேச அழைத்த பகுத்தறிவை, கூலிப் பேச்சு வந்ததும் வாசலுக்கு வெளியே நிறுத்தலாமா?

இந்த வாதக்காரர்களில் பெரும் புகழ் பெற்றவர் இங்கிலாந்தின் வில்லியம் பேலி பாதிரியார். 1794-ல் கிறிஸ்தவ மதத்துக்குச் சான்றுகள் திரட்டி ஒரு நூல் வெளியிட்டார். 1802-ல் இன்னொன்று. அதில்தான் கடிகார வாதம் வருகிறது. பொட்டல் வெளியில் ஒரு கடிகாரம் கிடந்தால், அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று அறிவோம். கண் கடிகாரத்தைவிட நுட்பமானது. ஆகவே அதையும் படைத்தவன் உண்டு என்றார். மாணவப் பருவத்தில் பேலியை விரும்பிப் படித்த டார்வினே, 1859-ல் இயற்கைத் தேர்வை விளக்கி இந்த வாதத்தின் அடித்தளத்தை ஆட்டிவிட்டார்.

அது கிடக்கட்டும். இதே பாதிரியார் 1785-ல் எழுதிய அறநூலில் ஒரு புறாக் கதை சொல்கிறார். வயலில் நூறு புறாக்கள். தொண்ணூற்றொன்பது புறாக்கள் தானியத்தைப் பொறுக்கிக் குவிக்கின்றன. தமக்கு வைத்துக்கொள்வது பதர். குவியல் முழுவதும் ஒரே புறாவுக்கு. அதுவும் கூட்டத்திலேயே நோஞ்சான் புறா! அது தின்று, இறைத்து, பாழாக்குகிறது. பசி தாங்காத ஒரு புறா ஒரு மணியைத் தொட்டால், மற்றவை பாய்ந்து அதைக் கிழித்துப் போடுகின்றன. மனிதரின் சொத்து முறையும் இப்படித்தான் என்கிறார்.

சபாஷ், பாதிரியாரே! ஆனால் அடுத்த பக்கத்தில் என்ன செய்கிறார்? இந்த முறை இல்லாவிட்டால் விளைச்சல் பெருகாது, சண்டை ஓயாது என்று அதே சொத்துரிமைக்கு வக்கீலாகிறார்!

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. இங்கிலாந்துச் சீமான்களுக்கு நடுக்கம். 1790-களின் தொடக்கத்தில் பேலி, உழைப்பாளர் ஏன் மனநிறைவோடு இருக்கவேண்டும் என்று ஒரு பிரசுரமே எழுதினார். சிக்கனமே ஓர் இன்பமாம். உழைத்தவன் அனுபவிக்கும் ஓய்வின் சுகம் பணக்காரனுக்குக் கிடையாதாம். பிறர் நிலையோடு நம் நிலையை ஒப்பிடவே கூடாதாம்!

பேலி கொடியவரல்ல, அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் பேசியவர். ஆனால் அவரைக் கேட்கிறோம்: கடிகாரத்துக்குச் செய்தவன் உண்டென்றால், துணிக்கு நெய்தவன் இல்லையா? நெல்லுக்கு விளைவித்தவன் இல்லையா? அந்த நியாயத்தைப் பாதி வழியில் ஏன் நிறுத்தினீர்?

மீதி வழியை நடந்து காட்டியவர்களும் கிறிஸ்தவர்களே. டார்செட் மாவட்டத்து டால்பட்டில் கிராமம். விவசாயக் கூலிகளுக்கு வாரக் கூலி 9 ஷில்லிங்கிலிருந்து 7 ஆக விழுந்தது. 6 ஆக்குவோம் என்று மிரட்டினார்கள். ஜார்ஜ் லவ்லெஸ் என்ற கூலித் தொழிலாளி சங்கம் கட்டினார். அவர் மெதடிஸ்ட் சபையில் பிரசங்கம் செய்தவர்! சங்கம் வைப்பது அப்போது குற்றமல்ல. ஆகவே ரகசியப் பிரமாணம் எடுத்தார்கள் என்று குற்றம் சாட்டி, 1834-ல் ஆறு பேரை ஏழாண்டுத் தண்டனை கொடுத்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றினார்கள். தொழிலாளர் கொதித்தெழுந்தனர். லண்டன் வீதிகளில் மாபெரும் ஊர்வலம் சென்றது. 1836-ல் அரசு மன்னிப்பு வழங்க நேர்ந்தது.

ஒரே வேதப் புத்தகம்தான். ஒருவர் அதை வைத்துக்கொண்டு ‘பொறுத்திரு’ என்றார். மற்றவர் அதை வைத்துக்கொண்டே ‘ஒன்றுசேர்’ என்றார். வேறுபாடு எங்கே? சீமானின் மேஜையருகே நின்று பார்ப்பதிலும், கலப்பையருகே நின்று பார்ப்பதிலும் இருக்கிறது!

ஆகவே, ஞாயிறன்று கோயிலுக்குப் போகும் தொழிலாளி நம் எதிரியல்ல. சொர்க்கத்தைப் பற்றிய ஒருமித்த கருத்தைவிட, பூமியில் சொர்க்கம் காணும் போராட்டத்தில் ஒற்றுமையே முக்கியம் என்று லெனின் 1905-லேயே தெளிவாக்கினார். சங்கத்தில் சந்தா கட்டுபவனிடம் நாம் ஞானஸ்நானச் சீட்டும் கேட்பதில்லை, நாத்திகச் சீட்டும் கேட்பதில்லை.

மதத்துக்காகப் பகுத்தறிவோடு வாதாடுகிறவர்களே, தாராளமாக வாதாடுங்கள்! ஆனால் அந்த ஒரு புறாவுக்காக வாதாட வராதீர்கள். தொண்ணூற்றொன்பது புறாக்கள் கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டன!