பின்னால் வருகிறவனுக்காக எரிகிற லைட்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை வேனில் பாடசாலைக்கு அனுப்புகிற உம்மா வாப்பாமாரும், வேன் ஓட்டுகிற காக்காமார் தம்பிமாரும் கடைசி வரை வாசித்தால் சந்தோசம்.

போன மாரியில் ஒரு காலை. காத்தான்குடியில் இருந்து ஏறாவூருக்கு மோட்டார் சைக்கிளில் போகிறேன். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் வாவிப் பக்கம் இருந்து காற்றோடு மழை அடித்தது. ஹெல்மெட் கண்ணாடி முழுக்கத் தண்ணீர். முன்னால் ஒரு டொல்பின் வேன். பின் கண்ணாடியில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளின் தலைகள். பின்பக்கம் இரண்டு சிவப்பு லைட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. வேன் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அது நின்றுவிட்டிருந்தது.

பிறேக்கை அமத்தினேன். பின் சில்லு வழுக்கியது. வேனுக்கும் எனக்கும் ஒரு முழம் இருக்கும்போது நின்றேன். அல்ஹம்துலில்லாஹ். என்னுடைய இடத்தில் ஒரு மணல் டிப்பர் வந்திருந்தால் என்ற நினைப்பு அன்று முழுக்க வகுப்பில் என்னை விடவில்லை.

பின்னேரம் அந்த வேன்காரக் காக்காவைத் தேடிப் போய்க் கதைத்தேன். நல்ல மனிசன். பிள்ளைகளை ஏற்றி இறக்குவதில் அவ்வளவு கவனம். "லைட் எரியுதே சேர், நேத்து ராவும் பாத்தன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பிரச்சினையே அதில்தான் இருக்கிறது.

பழைய வேன்களின் பின் லைட்டில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று 5 வோட்ஸ், இரவில் எரிகிற பார்க் லைட். மற்றது 21 வோட்ஸ், பிறேக் மிதித்தால் எரிவது. 21 வோட்ஸ் இழை அறுந்துபோனாலும் 5 வோட்ஸ் இழை எரிந்துகொண்டே இருக்கும். இரவில் சுற்றிப் பார்க்கிற டிரைவருக்கு லைட் சரியாகத்தான் தெரியும். பிறேக்கை மிதிக்கும்போது அவர் ஆசனத்தில் இருக்கிறார், லைட் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

அவருடைய இடப்பக்க பல்புக்கு நடந்தது இதுதான். வலப்பக்கத்தில் வேறு கதை. சிவப்புக் கண்ணாடிக்குள் கால்வாசிக்குத் தண்ணீர், மீன் தொட்டி மாதிரி. "அதுக்கு ஓட்டை போட்டிருக்கன் சேர், வடிஞ்சிடும்" என்று காட்டினார். கண்ணாடியின் நடுவில் ஒரு துளை. வடிவதற்குப் போட்ட துளையாலேயே மழையும் உள்ளே போயிருக்கிறது.

சனிக்கிழமை அவருடைய முற்றத்தில் இரண்டு பேரும் இருந்து கழற்றினோம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு விசயம், பிள்ளையின் பிழையான விடையை வெட்டுவதற்கு முதல் அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்பது. இங்கேயும் அதுதான் வேலை. தண்ணீரை ஊற்றிவிடுவது விடையை வெட்டுவது போல. அது எங்கால் வந்தது என்று பார்க்க வேண்டும்.

காய்ந்த டிசு தாளை உள்ளே வைத்து மூடி, குழாயால் கீழே இருந்து மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் அடித்தோம். தாள் முதலில் நனைந்த இடம் மேல் மூலை. அங்கே கண்ணாடிக்குக் கீழே இருக்கிற ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. எப்போதோ யாரோ சுற்றிவரச் சிலிக்கன் பூசி, அடியில் கம்பனியே விட்டிருந்த வடிகால் துளையையும் சேர்த்து அடைத்திருந்தார்கள். மேலால் வருகிற தண்ணீருக்குப் போக வழியே இல்லை.

பல்பு எரியும்போது உள்ளே காற்று சூடாகி வெளியேறும். மழை பட்டுக் குளிரும்போது வெளியே இருக்கிற ஈரத்தை உள்ளே இழுக்கும். தரம் 7 பிள்ளைக்கும் விளங்குகிற விஞ்ஞானம். அதோடு நம்முடைய ஊர் ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஊர். உப்புக் காற்றில் பல்பு ஹோல்டர் பச்சை பூத்து, ஏத் வயர் துருப்பிடித்து, மின்சாரம் சரியாகப் போகாது. அப்போது 21 வோட்ஸ் எரிந்தாலும் 5 வோட்ஸ் மாதிரித்தான் மங்கலாகத் தெரியும்.

ஹோல்டரையும் ஏத் பூட்டியிருந்த இடத்தையும் மண்தாளால் தேய்த்துக் கொஞ்சம் கிறீஸ் வைத்தோம். புது ரப்பர் வெட்டிப் போட்டோம். நடுத் துளையை அடைத்தோம், அடித் துளையைத் திறந்தோம். சிலிக்கன் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வினாகிரி வாசம் அடிக்கிற வகை காயும்போது உலோகத்தை அரிக்கும். வாசம் இல்லாத வகையைக் கேட்டு வாங்குங்கள். ஸ்குரூவை இறுக்கு இறுக்கென்று இறுக்கினால் கண்ணாடி வெடிக்கும். பிறகு அந்த வெடிப்பாலும் தண்ணீர் போகும். இரண்டு பல்போடு சேர்த்து எல்லாம் இரண்டு கொத்துரொட்டிக் காசுக்குள் முடிந்தது.

இப்போது நான் சொல்ல வந்த விசயம்.

வாகனத்தில் மற்றப் பல கோளாறுகளும் ஓட்டுகிறவருக்குத் தெரியும். வைப்பர் வேலை செய்யாவிட்டால் அவருக்குப் பாதை தெரியாது. ஹோர்ன் அடிக்காவிட்டால் அவருக்குத்தான் கரைச்சல். பிறேக் லைட் அப்படி இல்லை. அது முழுக்க முழுக்கப் பின்னால் வருகிறவனுக்காக எரிகிற லைட். அது தேவையானவனால் அதைத் திருத்த முடியாது. திருத்தக்கூடியவனுக்கு அது தெரியாது. அதனால்தான் மாரி மாரியாக அப்படியே கிடக்கிறது.

அப்படியென்றால் பொறுப்பு டிரைவருக்கு மட்டுமா? வருடா வருடம் எடுக்கிற புகைப் பரிசோதனை புகையைத்தான் பார்க்கும். பொலிஸ் மறித்துப் பார்க்கட்டும் என்கிறோம். எத்தனை வேனை, எத்தனை நாளைக்கு? 2020 இல் வாகன இறக்குமதி நின்று, 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அதற்குள் பழைய வேன்கள் இன்னும் பழசாகிவிட்டன. திறந்த பிறகும் புது வேன் வாங்குகிற வசதி பாடசாலை வேன் ஓட்டுகிற எத்தனை பேருக்கு இருக்கிறது? நாங்களோ மாதக் காசில் இருநூறு ரூபா கூட்டினால் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை பிடிக்கிறோம்.

பின்னால் போகிற நாங்கள் என்ன செய்கிறோம்? லைட் எரியாததைக் கண்டால் ஹோர்ன் அடித்து, முறைத்துப் பார்த்து, முந்திப் போகிறோம். நானும் அப்படிப் போனவன்தான். பாதையில் கிடக்கிற முள்ளை எடுத்துப் போடுவது ஈமானில் சேர்ந்தது என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். எரியாத பிறேக் லைட்டும் பாதையில் கிடக்கிற முள்தான். "காக்கா, உங்கட லைட் எரியல்ல" என்று சொல்ல அரை நிமிசம் போதும்.

40 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற வாகனம் ஒரு செக்கனில் 11 மீற்றர் ஓடும். முன்னால் உள்ள வேன் நின்றது ஒரு செக்கன் பிந்தி விளங்கினால், இரண்டு வேன் நீளத்துக்கும் கூடுதலான தூரம் போய்விட்டது. அந்த வேனின் கடைசி ஆசனத்தில் இருப்பது நம்முடைய பிள்ளைகள்.

அதனால் ஒரு வேண்டுகோள். மாதக் காசு கொடுக்கிற அன்று வேனுக்குப் பின்னால் போய் நின்று, "ஒருக்கா பிறேக் மிதிங்க காக்கா" என்று சொல்லுங்கள். பார்க் லைட் எரியும்போதே மிதிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பளிச்சென்று கூட வேண்டும். டிரைவர் தனியே இருந்தால் மஃரிபு நேரத்தில் சுவர் ஓரம் பின்பக்கமாக நிறுத்தி மிதித்துப் பார்க்கலாம், சுவரில் விழுகிற சிவப்பு கண்ணாடியில் தெரியும். அழகுக்கென்று லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற தம்பிமார், தயவு செய்து அதை உரித்துவிடுங்கள்.

இப்போது அந்தக் காக்காவின் வேனில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசியாக ஏறுகிற பிள்ளை பின்னால் நின்று பார்த்து, "ரெண்டும் எரியுது!" என்று கத்திவிட்டுத்தான் ஏறும். யார் கத்துவது என்று பிள்ளைகளுக்குள் போட்டியாம்.

ஐப்பசி வரப்போகிறது. மழைக்கு முதல் உங்கள் பிள்ளையின் வேனை ஒருக்கால் பாருங்கள். இந்தப் பதிவை உங்கள் வேன் குரூப்பிலும் போட்டுவிடுங்கள்.

வஸ்ஸலாம்.