தோப்பை வித்து க்ரீன் கார்டா? ஒரு த்ரெட்

1. போன வாரம் ஓபி-யில் ஒரு பெரியவர். பிபி 170/100. "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா வாப்பா?"ன்னு கேட்டேன். "போடுறேன் தம்பி, தூக்கம்தான் இல்ல." கஜா புயல்ல போனது போக மிச்சமிருக்கும் தென்னந்தோப்பை விக்கப் போறாராம். பிஎச்டி முடிச்ச மகனுக்கு ஸ்பான்சர் இல்லாமலே க்ரீன் கார்டுன்னு ஒரு ஏஜென்ட் பல லட்சம் கேட்டிருக்கார். (அவர் அனுமதியோடுதான் எழுதுறேன்.)

2. ஸ்பான்சர் இல்லாம விண்ணப்பிக்கலாம்ங்கிறது உண்மைதான். ரெண்டு வழி இருக்கு. ஈபி-1ஏ, துறையில் உச்சத்தில் இருப்பவர்களுக்கு: 10 அளவுகோலில் குறைஞ்சது 3 வேணும், அப்புறம் மொத்தமாவும் எடைபோடுவாங்க. ஈபி-2 என்ஐடபிள்யூ, மேற்படிப்பு படிச்சவங்களுக்கு: செய்யப்போகும் வேலைக்குத் தேசிய அளவில் முக்கியத்துவம் இருக்குன்னும், அதை முன்னெடுக்கும் தகுதி தனக்கு இருக்குன்னும் நிரூபிக்கணும்.

3. ஆனா ஐ-140 மனு பாஸ் ஆனா மட்டும் கார்டு கையில் வராது. வரிசை இருக்கு. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. 2025 அக்டோபர் விசா புல்லட்டின்படி, ஈபி-2-வில் இந்தியாவுக்கு 2013-ல் மனு போட்டவங்களுக்கே நம்பர் வந்துட்டிருந்தது. ஈபி-1-ல் 2022.

4. நம்ம ஊருக்கு முக்கியமான விஷயம்: இந்த வரிசைக்குக் கணக்கு பாஸ்போர்ட் இல்ல, பிறந்த நாடு. "பையன் எங்க பிறந்தான்?"னு கேட்டேன். "தம்மாம்ல." அப்போ அவன் சவுதி கணக்கு, இந்திய வரிசையில் நிக்க வேண்டியதே இல்ல! கணவனோ மனைவியோ அப்படிப் பிறந்திருந்தாலும் அந்தக் கணக்கைப் பயன்படுத்தலாம். லட்சம் கேட்ட ஏஜென்ட் இந்த முதல் கேள்வியையே கேட்கல.

5. அவர் கேட்டது வேற: "ரெண்டு பேப்பர்ல பேர் சேர்த்துடலாம், ஒரு அவார்டும் வாங்கிடலாம்." இதுதான் என் கோபம். பொய்ச் சான்று பிடிபட்டா அமெரிக்காவுக்குள் நுழையவே வாழ்நாள் தடை வரலாம். தோப்பும் போகும், பையன் பேரும் போகும்.

6. எம்பிபிஎஸ் தம்பி தங்கச்சிகளுக்கு: க்ரீன் கார்டு கிடைச்சாலும் அங்க நோயாளியைப் பார்க்க பொதுவா யுஎஸ்எம்எல்இ, ரெசிடென்சி, லைசென்ஸ் வேணும். க்ரீன் கார்டு அதுக்குக் குறுக்கு வழி இல்ல.

7. போறவங்களைத் தடுக்கல, தகுதி இருந்தா தாராளமா போங்க. விதிமுறையும் மாதாமாத விசா புல்லட்டினும் அரசு இணையதளத்தில் இலவசம். முதல்ல அதைப் படிங்க, அப்புறம் லைசென்ஸ் உள்ள குடியேற்ற வக்கீலைப் பாருங்க. பெரியவர்கிட்டயும் இதைத்தான் சொன்னேன்: "மகனையே படிச்சுப் பார்க்கச் சொல்லுங்க வாப்பா. அதுவரை தோப்பு இருக்கட்டும்."