இருநூறு ஆண்டுச் சிக்கனம்

கண்டியில் ஓர் அந்நியர் குறைந்த செலவில் வாழ முடியுமா என்று வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் அவ்வப்போது என்னைக் கேட்பதுண்டு. முடியும். அந்தக் கலையை இருநூறு ஆண்டுகளாகப் பயின்றுவரும் ஒரு மக்கட் கூட்டமே அந்நகரைச் சுற்றியுள்ள மலைகளில் வாழ்கின்றது. அவர்களைக் கேட்டால் வேண்டிய அளவு சொல்வார்கள்.

நண்பர்கள் எதிர்பார்ப்பது இந்த விடையை அன்று என்பதை அறிவேன். வாவிக்கரையில் மலிவான அறை எங்கே கிடைக்கும், எந்தக் கடையில் சோற்றுப் பார்சல் நன்றாயிருக்கும், பேராதனைக்குப் பஸ்ஸில் போவதா முச்சக்கர வண்டியில் போவதா என்பவையே அவர்களுடைய வினாக்கள். 2022இல் இலங்கை ரூபாய் சரிந்து, டாலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இத்தகைய விசாரிப்புகள் பெருகின. தலதா மாளிகையிலும் பேராதனைப் பூங்காவிலும் வெளிநாட்டாரிடம் பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்களே என்ற முறைப்பாடும் கூடவே வரும். அதில் நியாயம் இருக்கலாம். ஆயினும் கண்டியில் அந்நியனாயிருப்பதற்குக் கொடுக்கப்பட்ட விலைகளுள் ஆகச் சிறியது அந்த நுழைவுச்சீட்டுத்தான்.

அந்நகரில் யார் அந்நியர் என்பதைக் காகிதமே தீர்மானித்து வந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் வாவியை வெட்டுவித்தவர் கண்டியின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்தவர். 1815 மார்ச் 2ஆம் திகதி கைச்சாத்தான கண்டி ஒப்பந்தம் அவரைப் பதவியிறக்கியதோடு நிற்கவில்லை. அவருடைய ஆண் உறவினர் எவரும் எழுத்து மூலமான அனுமதியின்றிக் கண்டிப் பிரதேசங்களுக்குள் நுழையலாகாது என்றும் விதித்தது. வாவி நகருக்குச் சொந்தமாயிற்று. வெட்டுவித்தவர் 1832இல் வேலூரில் கைதியாகவே மாண்டார்.

அரச குடும்பத்துக்கு நேர்ந்தது பின்னர் கூலிக் குடும்பங்களுக்கும் நேர்ந்தது. 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பி பயிரிடத் தொடங்கியபின், தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்களே இம்மலைகளைத் திருத்தினார்கள். வழியில் இறந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வணிகத் தேயிலைக்கு வித்திட்டபோது கொழுந்து கிள்ளிய கைகளும் அவர்களுடையவைதான். தொழிலாளியின் கடனைத் தலையிலெழுதி ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குக் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921 வரை நீடித்தது. சம்பளம் கைக்கு வருமுன்னரே கடனாகிவிட்ட ஒரு வாழ்க்கையைச் சிக்கனம் என்று அழைப்பவர் தமிழை அவமதிக்கிறார்.

இத்தனைக்குப் பின்னும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இலங்கையிற் பிறந்தவன் என்று காட்டு. இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது அச்சட்டம். லயத்துக் காம்பராவில் பிறந்தவனுக்குப் பூட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் பிறந்த இடத்திலேயே நாடற்றவர் ஆனார்கள். 1947 தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரசின் வாக்காளர்கள் அடுத்த தேர்தலுக்குள் வாக்குரிமையை இழந்தார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கணக்குத் தீர்த்தார்கள்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அதே காலப்பகுதியில், 1973-74இன் உணவுத் தட்டுப்பாட்டில், தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. எஞ்சியிருந்தோர் அனைவருக்கும் குடியுரிமைக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டம். ஐம்பத்தைந்து ஆண்டுகள்! இரண்டு தலைமுறைகள் முழு வாழ்வையும் அந்நியராகவே வாழ்ந்து முடித்துவிட்டன.

இனி வரவு செலவுக்கு வருவோம். 2021இல்தான் நாட்கூலி 1,000 ரூபாயாயிற்று. 2024இல் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வெளியாயிற்று. அன்றைய நிலவரப்படி நான்கரை டாலர். மாதம் 25 நாள் குறைவில்லாமல் வேலை கிடைத்தால் 33,750 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 கழித்தால் 31,050. தீபாவளி முற்பணத்தின் தவணை அதற்குமேல் கழியும். நிர்ணயித்த கிலோ கொழுந்து சேராத நாளில் ‘அரைப் பேர்’தான் விழும். 2025 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அடிப்படைக் கூலியை 1,550 ஆக உயர்த்தி, வருகைக்கென அரசு 200 ரூபாய் தருமென அறிவித்தது. வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்த 1,750 ரூபாயில் அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அடங்குமா என்று கூட்டிப் பார்க்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை.

அடங்காததனால்தான் பிள்ளைகள் மலையிறங்குகிறார்கள். ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து கண்டிக்கு வந்து, புடைவைக் கடையிலும் இரும்புக் கடையிலும் நிற்கிறார்கள். சிலர் இரவில் கடையின் மேல்மாடியிலேயே படுத்துக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகள் மாடி வீடுகளில் சமைக்கிறார்கள். காலையில் பாணும் பிளேன்டீயும், மதியம் சோறும் ஒரு கறியும்; மிச்சம் பிடித்தது வீட்டுக்கு. தாம் பிறந்த மாவட்டத்தின் தலைநகரில், வந்து குடியேறியவர்களைப்போல அவர்கள் வாழ்கிறார்கள். “நல்ல பிள்ளைகள், செலவே இல்லாதவர்கள்” என்று முதலாளிகள் சிலர் மெச்சுவதை நானே கேட்டிருக்கிறேன். செலவு செய்யக் காசு கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?

“குடியுரிமைதான் கிடைத்துவிட்டதே, பழங்கதை எதற்கு?” என்பார்கள். குடியுரிமை கிடைத்தது; குடியிருக்கும் நிலம் கிடைக்கவில்லை. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகுமோ என்ற அச்சம் சமையற்கட்டு வரைக்கும் இருக்கிறது. தனி முகவரியின்றித் தோட்டக் காரியாலயம் வழியே கடிதம் பெறுகின்ற குடும்பங்கள் இருக்கின்றன. வேலைக்கான நேர்முகக் கடிதம் நாள் கடந்து வந்தால் யாரிடம் முறையிடுவது? ஏழு பேர்ச் காணியும் உறுதிப் பத்திரமும் என்று தேர்தல் தோறும் சொல்லப்படுகிறது. சில குடும்பங்களுக்குக் கிடைத்திருக்கிறது, பெரும்பாலோர் காத்திருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. உறுதி வைத்திருப்பவன் இடிந்த வீட்டுக்குக் கணக்குக் காட்டலாம். லயத்தில் இருந்தவன் எதைக் காட்டுவான்?

கடல் கடந்து வாழும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அந்நியனாய்ச் சிக்கனமாக வாழ்வது எப்படியென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இலண்டனிலும் பாரிஸிலும் டொரொன்டோவிலும் ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தீர்கள்; கோப்பை கழுவினீர்கள்; சீட்டுக் கட்டி ஊருக்கு அனுப்பினீர்கள். அது கடினமான காலம், மறுப்பதற்கில்லை. எனினும் பெரும்பாலோர்க்கு அதற்கு ஒரு முடிவு இருந்தது. சில ஆண்டுகளில் வதிவிட உரிமை, பின்னர் கடவுச்சீட்டு, பின்னர் வங்கிக் கடனிலேனும் சொந்த வீடு. நீங்கள் பத்தாண்டில் கடந்த தூரத்தை இவர்கள் இருநூறு ஆண்டாகியும் கடக்கவில்லை. உழைப்பில் இவர்கள் உங்களுக்குக் குறைந்தவர்களா? அதையும் தாண்டி, ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லை இவர்கள்மீது எறிந்த வாய்களில் நம்முடையவையும் உண்டு. சிங்களப் பேரினவாதத்தைக் கண்டிக்கும் உரிமை நமக்கு முழுதாய் வேண்டுமானால், அந்தச் சொல்லை முதலில் நம் வீட்டுப் பேச்சிலிருந்து துரத்த வேண்டும்.

எனவே அடுத்தமுறை விடுமுறைக்குக் கண்டிக்கு வருவோர் ‘எவ்வளவு மலிவு!’ என்று வியக்குமுன், அந்த மலிவு யாருடைய கூலியிலிருந்து பிடிக்கப்படுகின்றது என்று விசாரியுங்கள். தேநீர்க் கோப்பையின் விலையும், விடுதி அறையைக் கூட்டிப் பெருக்குபவரின் சம்பளமும் அதற்குள் அடக்கம். அரசிடம் கேட்க வேண்டியவை மூன்றே: குடும்பத்துக்கு உறுதியோடு காணி, வீட்டுக்குத் தனி முகவரி, சந்தை விலையோடு சேர்ந்து உயரும் கூலி. இவற்றைக் கொடுத்த பிறகு அம்மக்கள் சிக்கனமாக வாழ்வதா, சற்றுத் தாராளமாக வாழ்வதா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.